அசல் ஹெட் எது?

1969 மாடல் போன்டியாக் ஜிடிஓ. 400 கன அங்குல வி8 இன்ஜின், 350 குதிரைத்திறன். அமெரிக்காவில் இன்றைக்கு இந்த இன்ஜினைப் பிரித்து மறுபடி கட்டுகிற எவரும் ஒரு கேள்வியில் வந்து நிற்பார்கள். பழைய வார்ப்பிரும்பு சிலிண்டர் ஹெட்டையே திரும்பப் போடுவதா, புது அலுமினிய ஹெட் வாங்குவதா?

கடைக்காரர் கணக்கு சுலபம். அந்த இன்ஜினின் கம்ப்ரஷன் 10.75:1. ஈயம் கலந்த, ஆக்டேன் கூடிய பெட்ரோலுக்காகச் செய்தது. இன்று பம்பில் வருகிற பெட்ரோலைக் குடித்தால் நாக்கிங் வரும், பிஸ்டன் போகும். அலுமினியம் சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடும் என்பதால் கொஞ்சம் கூடுதல் கம்ப்ரஷனைத் தாங்கும். அறை பெரிதான ஹெட்டாகப் பார்த்து வாங்கினால் கம்ப்ரஷனும் இறங்கிவிடும். அப்புறம் என்ன யோசனை?

யோசனை 'அசல்' என்கிற வார்த்தையில் இருக்கிறது. உடனே தீசியஸின் கப்பலை இழுத்து வரத் தோன்றும். வேண்டாம். பலகை மாறினால் கப்பல் மாறுமா என்று அங்கே யாருக்கும் தெரியாது. இங்கே சந்தை பதிலே சொல்லிவிட்டது. பிளாக்கில் வண்டி எண்ணின் ஒரு பகுதி அடித்திருக்கும். ஹெட்டில் அது கிடையாது. வார்ப்பு எண்ணும் வார்த்த தேதியும் மட்டும்தான். அதனால் பழைய இரும்புக் கடையில் வேறொரு ஜிடிஓவிலிருந்து கழற்றிய ஹெட், வண்டி தயாரான நாளுக்குச் சில வாரம் முந்திய தேதியோடு இருந்தால் போதும், 'சரியான ஹெட்' ஆகிவிடும். இந்த வண்டியோடு அது ஒரு மைல்கூட ஓடியிருக்காது! ஆக, விசுவாசம் என்று சொல்லப்படுவது இந்த இரும்பின் மீது அல்ல, தேதியின் மீது.

சரி, பிறந்த ஹெட்டே கையில் இருக்கிறது என்று வையுங்கள். அதன் வால்வு சீட் தனி வளையம் இல்லை, ஹெட்டின் இரும்பையே கடைந்தது. எரிந்த ஈயம் அதன்மேல் படிந்து தேய்மானத்தைத் தடுத்தது. அதே ஈயம் புகையாக வெளியே போய்ப் பிள்ளைகளின் ரத்தத்தில் ஏறியது. மனித உடலில் ஈயம் இயற்கை அளவைவிட மிக அதிகம் என்று கிளேர் பேட்டர்சன் 1965-லேயே எழுதினார். சாலை வண்டிகளுக்கு அந்த பெட்ரோல் முழுசாகத் தடையானது 1996-ல். ஈயமில்லாத பெட்ரோலில் இன்ஜினை விரட்டி ஓட்டினால் சீட் உள்ளே இறங்கும். சீட்டைக் கடைந்து கெட்டி வளையம் இறக்கினால் ஹெட் பிழைக்கும், ஆனால் அதுவும் திருத்தம்தான். திருத்தமே கூடாது என்பவர்கள் ஈயம் கலந்த ரேஸ் பெட்ரோலை வாங்கிக் கலக்கிறார்கள். எனக்கு இதுதான் உறுத்துகிறது. பழசைக் காப்பது வேறு, பழசு வாழ்ந்த விஷக்காற்றையும் கூடவே காப்பது வேறு.

நான் அலுமினியத்தின் பக்கம். ஆனால் அந்தப் பக்கத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. பலர் அலுமினிய ஹெட்டிலிருக்கும் கம்பெனி பெயரை அரைத்து எடுத்துவிட்டு, போன்டியாக்கின் அந்த நீலப் பெயின்ட்டை அடித்துவிடுகிறார்கள். பார்க்க இரும்பு மாதிரியே இருக்கும். தன் கண்ணுக்காகச் செய்தால் அது ரசனை, குறை சொல்ல மாட்டேன். வண்டி விற்பனைக்கு வரும்போதுதான் சிக்கல். வாங்க வந்தவர் பானட்டைத் தூக்கி, நீலத்தைப் பார்த்து, தானாகவே நம்பிக்கொள்வார். யாரும் பொய் சொல்லவில்லை, அவர் கேட்கவும் இல்லை. இருந்தாலும் அந்த நம்பிக்கையை வரவைத்தது பெயின்ட்தான். அடித்தவர்தான் முதலில் வாயைத் திறக்க வேண்டும். சிலர் கழற்றிய இரும்பு ஹெட் இரண்டையும் எண்ணெய் தடவி ஷெல்ஃபில் வைத்திருந்து, விற்கும்போது வண்டியோடு ஏற்றி அனுப்புகிறார்கள். வேண்டுமானால் வாங்கியவர் திரும்ப மாட்டிக்கொள்ளட்டும்.