திரும்பி வரும் காசு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உதவித்தொகையோடு பிஎச்.டி. இடம் கிடைத்தவர்கள் பொதுவாக ஏப்ரல் 15க்குள் சம்மதம் சொல்லிவிட வேண்டும். 2025 பிப்ரவரிக் கடைசியில் என் அக்கா மகளுக்கு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. உயிரியல் ஆய்வு. படிப்புக் கட்டணம் கிடையாது, மாதச் செலவுக்கும் அவர்களே பணம் தருவார்கள். அக்கா வீட்டில் கேசரி கிண்டி, தெருவுக்கே கொடுத்தார்கள். முடிவு சொல்ல ஒன்றரை மாதம் இருந்தது. அந்த ஒன்றரை மாதத்தில்தான் கொலம்பியா உலகச் செய்தியானது.

மார்ச் 7 அன்று அமெரிக்க அரசு கொலம்பியாவுக்கான சுமார் 40 கோடி டாலர் மானியங்களையும் ஒப்பந்தங்களையும் ரத்து செய்தது. காஸா போரை எதிர்த்து 2024 ஏப்ரலில் வளாகப் புல்வெளியில் மாணவர்கள் கூடாரம் போட்டதும், அடுத்தடுத்து நடந்தவையும்தான் பின்னணி. யூத மாணவர்கள் துன்புறுத்தப்படுவதை நிர்வாகம் தடுக்கவில்லை என்பது அரசு சொன்ன காரணம். மறுநாள் இரவு மஹ்மூத் கலீல் கைதானார். போராட்டத்தின்போது மாணவர்கள் சார்பில் நிர்வாகத்துடன் பேசியவர் அவர். பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான குடியிருப்பில் வைத்தே பிடித்துக்கொண்டு போனார்கள். கிரீன் கார்டு வைத்திருந்தார். குற்ற வழக்கு எதுவும் அவர்மீது இல்லை. மார்ச் 21 அன்று நிர்வாகம் அரசின் நிபந்தனைகளில் பெரும்பாலானவற்றுக்கு இணங்கியது: முகமூடி அணியக் கட்டுப்பாடு, கைது செய்யும் அதிகாரத்தோடு 36 காவலர்கள், மத்தியக் கிழக்கு ஆய்வுத் துறைக்கு மேலே ஒரு மேற்பார்வையாளர். ஒரு வாரத்தில் இடைக்காலத் தலைவரும் பதவி விலகினார்.

வீட்டில் இரண்டு கட்சிகள் உருவாயின. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அத்தான், "படிக்கப் போற இடத்துல வாயைத் திறக்காம படிச்சுட்டு வா. நமக்கெதுக்கு வம்பு?" என்றார். அவளுடைய கல்லூரித் தோழி ஒருத்தி, "அங்க போய்ச் சேர்ந்தா அவங்க பண்ணினதை ஒத்துக்கிட்ட மாதிரிதான்" என்று சொல்லிவிட்டாள். நடுவில் மாட்டிக்கொண்டவள் என்னிடம் கேட்டாள்: "நான் போனா நானும் உடந்தைன்னு ஆகுமா மாமா?"

இந்தக் கேள்விக்குச் சுலபமான பதில் ஒன்று உண்டு. எந்த இடம்தான் சுத்தம்? சென்னை ஐஐடி 2015 மே மாதம் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரத்தை ரத்து செய்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்த பிறகு ஜூன் மாதம் திருப்பித் தந்தது. 2016 ஜனவரியில் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலா இறந்தார். அடுத்த மாதமே டெல்லி ஜேஎன்யுவில் மாணவர் தலைவர்கள் தேசத்துரோக வழக்கில் கைதானார்கள். இந்த இடங்களுக்குப் பிள்ளைகளை அனுப்பத் தவம் கிடக்கும் நாம், கொலம்பியாவுக்கு மட்டும் தனித் தராசு தூக்குவானேன்?

இந்தப் பதிலில் உண்மை இருக்கிறது. ஆனாலும் எனக்கு அது பிடிக்கவில்லை. எல்லா இடமும் அழுக்கு என்று சொல்லிவிட்டால் எந்த அழுக்கைப் பற்றியும் யோசிக்க வேண்டியதில்லை. அவள் கேட்டது உலகத்தைப் பற்றி அல்ல, தன்னைப் பற்றி.

தோழி சொன்னதையும் எடைபோட்டுப் பார்த்தேன். மறுப்பது மதிப்புள்ள செயல்தான். ஆனால் யாருக்கு வலிக்கிறது என்று பார்க்க வேண்டும். இவள் வேண்டாம் என்றால் காத்திருப்போர் பட்டியலில் அடுத்த பெயருக்குக் கடிதம் போகும். கொலம்பியாவுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. கல்லூரியைத் துறந்த மாணவர்கள் என்றால் நமக்கு 1920தான் நினைவுக்கு வரும். காந்தி கேட்டதற்காக அரசுக் கல்லூரிகளைவிட்டு வெளியேறினார்கள். அப்படி வெளியேறியவர்கள் தெருவில் நிற்கவில்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அலிகரில் ஜாமியா மில்லியா தொடங்கியதும், அகமதாபாத்தில் குஜராத் வித்யாபீடம் எழுந்ததும் அதே ஆண்டுதான். பாட்னா கல்லூரியைவிட்டு வந்த ஜெயப்பிரகாஷ் நாராயணுக்குச் சேர்ந்து படிக்க பீகார் வித்யாபீடம் இருந்தது. அதற்குப் பிறகு 1922இல் அவர் அமெரிக்காவுக்கே படிக்கப் போனார். துறக்கச் சொன்ன இயக்கம், துறந்தவர்கள் போய்ச் சேர ஓர் இடத்தையும் கட்டிக் கொடுத்தது. தோழியிடம் அப்படிக் கொடுக்க ஒன்றும் இல்லை. அது அவள் குற்றமில்லை. ஆனால் தனி ஒருத்தி செய்யும் துறப்பை ஓர் இயக்கத்தின் துறப்போடு ஒப்பிட முடியாது.

பிறகு கொலம்பியாவின் பழைய கதைகளைப் படிக்க ஆரம்பித்தேன். இப்போது நடப்பது அங்கே முதல்முறை இல்லை. 1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது, பல்கலைக்கழகத் தலைவர் நிக்கலஸ் மர்ரே பட்லர் இனி எதிர்ப்புப் பேச்சுக்கு இங்கே இடமில்லை என்று அறிவித்தார். கட்டாய ராணுவச் சேவையில் சேர்க்கப்பட்டவர்களைக் கடல் கடந்து அனுப்பக் கூடாது என்று நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதிய உளவியல் பேராசிரியர் கேட்டெல் என்பவர் அந்த அக்டோபரில் வேலை நீக்கம் செய்யப்பட்டார். சில நாட்களில் வரலாற்றறிஞர் சார்லஸ் பியர்ட் ராஜினாமா செய்தார். பியர்ட் போரை ஆதரித்தவர். தான் ஏற்காத கருத்துக்காக இன்னொருவர் வேலை போவதை ஏற்க முடியாது என்று வெளியேறினார். அதே வளாகத்தில் தத்துவப் பேராசிரியர் ஜான் டூயியும் இருந்தார். அவருக்கும் நடந்தது பிடிக்கவில்லை. ஆனால் வேலையை விடவில்லை. இரண்டு ஆண்டு கழித்து நியூ ஸ்கூல் என்ற மாற்றுக் கல்விக்கூடம் நியூயார்க்கில் தொடங்கியபோது அதன் பின்னால் பியர்டும் இருந்தார், டூயியும் இருந்தார்.

பியர்ட் வீரர், டூயி கோழை என்று சொல்லிவிட முடியுமா? எனக்கு முடியவில்லை. பியர்ட் தைரியசாலிதான். அதோடு, அவருடைய புத்தகங்கள் விற்றன. வேலையை விட்ட பிறகு எழுதியே வாழ அவரால் முடிந்தது. வெளியே போக வழி இருந்தவர் வெளியே போனார்.

இவற்றுக்குச் சற்று முன்புதான், 1913 முதல் 1916 வரை, அதே வளாகத்தில் அம்பேத்கர் படித்தார். டூயி அவருடைய ஆசிரியர். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் தந்த உதவித்தொகை மாதம் பதினொன்றரை பவுன். படித்து முடித்ததும் பரோடா அரசில் பத்து ஆண்டு வேலை செய்வதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர். லாலா லஜபதி ராய் அந்தக் காலத்தில் நியூயார்க்கில் இந்திய விடுதலைக்காக ஆள் திரட்டிக்கொண்டிருந்தார். அந்த அரசியலுக்குள் அம்பேத்கரை இழுக்கப் பார்த்தார் என்றும், மன்னருக்குக் கொடுத்த வாக்கைக் காட்டி அம்பேத்கர் விலகிக்கொண்டார் என்றும் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஒரு விஷயத்தில் வாய் மூடி இருந்த அதே மாணவர், 1916 மே மாதம் மானிடவியல் வகுப்பில் இந்தியாவில் சாதிகள் எப்படித் தோன்றின என்று ஒரு கட்டுரை வாசித்தார். இருபத்தைந்து வயது. தன் வாழ்நாள் கேள்வியை அங்கே, அந்த அறையில், உரக்கக் கேட்டார்.

இதிலிருந்து எனக்கு ஒரு வேறுபாடு துலங்கியது. மௌனம் வேறு, பொய் வேறு. அடுத்தவன் நாட்டில், அடுத்தவன் காசில் படிக்கும் மாணவன் எல்லாவற்றுக்கும் குரல் கொடுக்கக் கடமைப்பட்டவன் அல்ல. தான் நம்பாததை நம்புவதாகச் சொல்லவோ கையெழுத்துப் போடவோ கூடாது. பக்கத்து மேசைக்காரனைக் காட்டிக்கொடுக்கவும் கூடாது. உடந்தை என்பது அங்கே தொடங்குகிறது. வளாகத்துக்குள் காலடி வைப்பதால் வருவதல்ல.

அத்தானின் "வாயைத் திறக்காதே"யையும் இந்த வெளிச்சத்தில்தான் புரிந்துகொண்டேன். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மதுரை தமுக்கம் மைதானத்தில் கூட்டம் உட்கார்ந்தபோது, பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்த இவளைக் கையைப் பிடித்து அழைத்துப்போனவர் அவர்தான். அந்த மனிதரே இன்று பதிவு போடாதே, லைக் போடாதே என்கிறார். இரண்டும் முரண் அல்ல. தமுக்கத்தில் உட்கார்ந்தவர்களை யாரும் நாடு கடத்த முடியாது. எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் இருப்பவள் நிற்கும் தரை வேறு. 2025 ஏப்ரலில் அமெரிக்கா முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டு மாணவர்களின் விசாவோ மாணவர் பதிவோ ரத்தானது. சிலருக்குக் காரணமே தெரியவில்லை. வழக்குகள் குவிந்த பிறகு மாதக் கடைசியில் பதிவுகளைத் திரும்பச் சேர்த்தார்கள். அமெரிக்க மாணவனுக்கு ஒரு பருவம் இடைநீக்கம் ஆகிற விஷயம், இவளுக்கு மூட்டை கட்டுகிற விஷயம். தைரியத்தை அளக்கும்போது காலடி மண்ணையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும்.

ஆனால் அத்தானின் அறிவுரையில் ஓர் ஆபத்து இருக்கிறது. பிஎச்.டி. ஐந்தாறு ஆண்டு. அத்தனை ஆண்டு அடக்கிய வாய் பிறகு தானாகத் திறக்காது. பட்டம் வந்ததும் வேலை விசா, அதன்பின் கிரீன் கார்டு, அதன்பின் வீட்டுக் கடன் என்று பேசாமல் இருக்கக் காரணங்கள் வரிசையில் நிற்கும். மௌனம் பொய்யாக மாறுவது ஒரே நாளில் நடப்பதில்லை. வெளியே வர வழியில்லாதவனுக்கு அது கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிறது.

அதனால்தான் அவளிடம் நான் தலைகீழாகக் கேட்டேன்: "அங்க போகலாமாங்கிறதை விடு. போனப்புறம், வேணாம்னு தோணினா திரும்பி வர முடியுமா உன்னால?"

அவள் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். கடன் இல்லை, உதவித்தொகை இருக்கிறது. இதே பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். சேர, வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துப் போகிற பையன் ஒருவனை எங்களுக்குத் தெரியும். அவனுக்கு நான் வேறு பதில்தான் சொல்லியிருப்பேன். அவனால் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட மறுக்க முடியாது, தவணை இருக்கிறது. இவளுக்கு அந்தச் சுமை இல்லை. ஆய்வகம் எப்படி என்று அங்கே இரண்டாம், மூன்றாம் ஆண்டில் இருக்கும் மாணவர்களிடம் விசாரித்தாள். வழிகாட்டியாக வரக்கூடிய பேராசிரியரிடமும் நேராகவே கேட்டாள்: ரத்தான மானியங்களில் உங்களுடையது உண்டா? இரண்டு ஆண்டில் பணம் நின்றால் மாணவர்களை என்ன செய்வீர்கள்? அவர் மழுப்பாமல் பதில் சொன்னார். பெரிய பெயரைவிட அந்தப் பதில்தான் அவளை இழுத்தது. ஏப்ரல் 14 அன்று சம்மதம் அனுப்பினாள். ஹார்வர்டு பல்கலைக்கழகம் அரசின் நிபந்தனைகளை ஏற்க மறுத்ததும், அதற்கான 220 கோடி டாலர் மானியம் முடக்கப்பட்டதும் அதே நாள்தான். இணங்கிய இடத்துக்கு எழுதிக் கொடுத்த அன்றே மறுத்த இடத்தின் செய்தியையும் படித்தாள். அதனால் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. அதை நியாயப்படுத்தவும் முயலவில்லை.

விலை உடனே வந்தது. மே மாதக் கடைசியில் மாணவர் விசாவுக்குப் புதிய நேர்காணல் நேரம் தருவதை உலகெங்கும் நிறுத்தினார்கள். ஜூனில் மறுபடி தொடங்கியபோது, விண்ணப்பிப்பவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்றார்கள். அவள் சில பதிவுகளை நீக்கினாள். எவை என்று நான் கேட்கவில்லை. ஜூலையில் கொலம்பியா 20 கோடி டாலரை மூன்று ஆண்டில் கட்டுவதாக அரசோடு உடன்பாடு செய்துகொண்டது. நின்றுபோன மானியங்களில் பெரும்பகுதி திரும்ப வரும் என்று ஏற்பாடு. பல்கலைக்கழகமும் ஒரு விலை கொடுத்துத்தான் இருக்கிறது. எது அதிகம் என்று எனக்கு ஒப்பிடத் தெரியவில்லை.

அவள் கிளம்புவதற்கு முன் அத்தானிடம் தனியாகப் பேசினேன். வாயைத் திறக்காதே என்று நீங்கள் சொல்வது பயத்தில். அந்தப் பயத்துக்கு ஒரு வேலை கொடுங்கள் என்றேன். மனிதர் மூன்று நாள் பிடிகொடுக்கவில்லை. நான்காம் நாள் வங்கிக்குப் போய், நியூயார்க்கிலிருந்து சென்னைக்கு ஒரு டிக்கெட்டும், வந்த பிறகு ஆறு மாதம் சும்மா இருக்க ஆகும் செலவும் சேர்த்து, அவள் பெயரில் வைப்பு நிதி போட்டார். "இதைத் தொடுற நிலைமை வரக் கூடாது. வந்தா, எங்கிட்ட காரணம் சொல்லணும்னு இல்லை" என்று அவளிடம் சொன்னார். பியர்டுக்குப் புத்தக வருமானம் செய்ததை மதுரையில் ஓர் ஓய்வூதியம் செய்யப் பார்க்கிறது.

நம் வீடுகளில் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது பணத்தைவிட அதிகமாக மானத்தை மூட்டை கட்டித் தருகிறோம். பாதியில் வந்துவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்ற நினைப்பு விசா அதிகாரியைவிட இறுக்கமாக வாயைக் கட்டுகிறது. அந்தக் கட்டை நியூயார்க்கில் யாரும் போடவில்லை, இங்கே நாம் போடுகிறோம். திரும்பி வந்தால் கதவு திறந்திருக்கும் என்று சொல்ல முடியாத வீடு, போன இடத்தில் பிள்ளை நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது.