விரதத்தை முறிப்பது எது?

சிசிலித் தீவின் தென்கிழக்கில் மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஏறிப் போகும் பழைய ஊர் மோதிக்கா. 1693 நிலநடுக்கத்தில் இடிந்து மறுபடி எழுந்தது. அங்கே 1880இல் தொடங்கிய போனாயூத்தோ சாக்லேட் கடை இன்றும் நடக்கிறது. இந்த ஊர்ப் பக்குவத்தில் கோகோவை அதிகம் சூடாக்குவதில்லை. அதனால் சர்க்கரை கரையாமல் பல்லில் நறநறவென்று கடிபடும். பாலும் சேர்ப்பதில்லை.

மோதிக்காவுக்கே உரிய இன்னொரு பண்டமும் அங்கே கிடைக்கும். மாட்டிறைச்சிக் கொத்து, பாதாம், சாக்லேட் எல்லாம் உள்ளே வைத்து மூடிய பிறை வடிவ பிஸ்கட். தவக்காலத்தில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்த குருமார்கள் சோர்ந்துவிடக் கூடாதென்று, கன்னியர் மடத்தில் இறைச்சியை மறைத்துச் செய்தார்களாம். செவிவழிக் கதைதான். ஆனால் சாக்லேட்டும் நோன்பும் மோதிக்கொண்டது வரலாறு. சாக்லேட் குடித்தால் நோன்பு முறியுமா என்று அந்தோனியோ தே லெயோன் பினேலோ 1636இல் மாட்ரிட்டில் ஒரு முழு நூலே வெளியிட்டார். அதற்குப் பிறகு கர்தினால் பிரங்காச்சோ, சாக்லேட் பானம்தான், பானம் நோன்பை முறிக்காது என்று வாதிட்டார்.

இதைப் படித்துச் சிரிக்க நமக்கு உரிமை இல்லை. கார்த்திகைச் சோமவாரமோ ஏகாதசியோ, “காபி மட்டும் குடிச்சுக்கலாம்” என்பது நம் வீடுகளிலும் வழங்கும் தீர்ப்பு. அந்தக் காபி விளையும் இடங்களில் ஒன்று கொல்லிமலை. அங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்களின் பழைய அன்றாட உணவு சாமை, தினை, கேழ்வரகு. சமவெளியில் ஏகாதசிக்கு அரிசியை விட்டவர்கள் சாமை உப்புமா சாப்பிட்டு விரதம் காத்தார்கள். நெல்லுச்சோறு அபூர்வமாக இருந்த மலைவீட்டில் அதே சாமைதான் வயிறு நிறைய உண்ணும் சோறு. அரிசியை விடு என்று அந்த வீட்டில் சொன்னால், இல்லாததை விடச் சொன்னதாகும்.

பிறகு மரவள்ளி பெருகிச் சிறுதானிய நிலம் சுருங்கியது. ரேஷன் அரிசியும் மலையேறியது. 2011 முதல் அது விலையில்லாமலே கிடைக்கிறது. இன்று சோறு அங்கேயும் அன்றாடம். ஒரே விதி, ஒரே மலை. ஆனால் பாட்டி இழக்காததைப் பேத்தி இழக்கிறாள்.

ஆகவே பானமா, திடப்பொருளா, அரிசியா, சாமையா என்று பண்டத்தைத் தராசில் வைப்பதால் விரதத்தின் எடை தெரியாது. பிரங்காச்சோவின் வாதம் பாத்திரத்தைப் பார்த்தது, குடிப்பவரைப் பார்க்கவில்லை. எதை விட்டால் மனம் அதையே சுற்றிச் சுற்றி வருமோ, அதை அறிந்து விடுவதுதான் விரதம் என்றால், பல வீடுகளில் ஏகாதசிப் பட்டியலில் முதலில் சேர வேண்டியது காலைக் காபி. சோற்றை விட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்கும் காபியை விட்டால் பத்து மணிக்கெல்லாம் தலை வலிக்கத் தொடங்கும்.