சூரைச்செடி நிழலில் ஒரு தலைவர்



பொதுக்காலம் 19ஆம் ஞாயிறான இன்று, முதல் வாசகத்தில் இறைவாக்கினர் எலியா சூரைச்செடியின் அடியில் உட்கார்ந்து சாவைக் கேட்டு மன்றாடுகிறார். கர்மேல் மலையில் பாகாலின் பொய்வாக்கினர் 450 பேரைத் தனி ஆளாக எதிர்கொண்டவர் அவர். ஈசபேல் அரசியிடமிருந்து ஒரு மிரட்டல் வந்ததும் ஓடிப்போகிறார். நமக்கு வாசிக்கப்பட்ட பகுதிக்கு ஒரு வசனம் முன்னால் பாருங்கள்: கூட வந்த பணியாளரைப் பெயேர்செபாவிலேயே விட்டுவிட்டுத்தான் பாலைநிலத்துக்குள் போகிறார். தான் உடைவதை அவன் பார்க்க வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ. பொறுப்பில் இருப்பவர்கள் பலருக்கு இந்தப் பழக்கம் உண்டு. சாமியார்களுக்கும்தான்.

நம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்துக்கு வருவோம். 2024 ஜூன் 18, 19. மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. முதல் சாவுக்குத் துக்கம் கேட்க வந்தவர்களும் அதையே குடித்தார்கள் என்று செய்திகள் வந்தன. துக்கத்தைச் சொல்ல வாய் வராதபோது நம் ஆண்கள் எதைத் தேடிப் போகிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம், தாய் தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயதுவரை மாதம் 5,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. வேண்டிய உதவிதான். ஆனால் அப்படிப்பட்ட வீட்டில் மூத்த பிள்ளை ஒரே நாளில் குடும்பத் தலைவர் ஆகிவிடுகிறது. அந்தப் பிள்ளையிடம் நாம் என்ன சொல்கிறோம்? "நீயே அழுதா தம்பி தங்கச்சிய யாரு பாத்துக்குவா?" நல்ல மனசோடுதான் சொல்கிறோம். அழ வேண்டிய வயதில் அதன் அழுகைக்குப் பூட்டுப் போடுவதும் நாம்தான்.

இந்தச் சுமை மேலே கல்வராயன் மலையிலும் உண்டு. சாராய ஊறலைத் தேடி போலீஸ் ஏறினால், ஊறல் போடாத வீட்டுக்கும் தலைகுனிவு. மலையூர்ப் பெரியவர் போலீசுக்கும் வனத்துறைக்கும் ஊர்க்காரருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். நீங்க எப்படி இருக்கீங்க என்று அவரை யார் கேட்டார்கள்?

கடவுள் எலியாவிடம் எப்படி நடந்துகொண்டார்? தூதர் தொட்டு எழுப்பினார். சுட்ட அப்பமும் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டவர் மறுபடியும் படுத்துக்கொண்டார். திட்டு விழவில்லை, இரண்டாவது தடவையும் சாப்பாடு வந்தது. 40 நாள் நடந்து ஓரேபு மலை சேர்ந்ததும், இங்கே என்ன செய்கிறாய் என்று ஆண்டவர் கேட்கிறார். எலியா குறையைக் கொட்டுகிறார். காற்றும் நிலநடுக்கமும் தீயும் ஓய்ந்தபின் அதே கேள்வி; எலியாவும் அதே பதிலை அப்படியே சொல்கிறார். இதைத்தான் முன்பே சொன்னாயே என்று ஆண்டவர் வெட்டவில்லை. அடிபட்ட மனசு ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லும். அதைக் கேட்ட பிறகுதான் ஆண்டவர் வேலை கொடுக்கிறார், துணைக்கு எலிசாவையும் கொடுக்கிறார். தான் ஒருவனே மிச்சம் என்றவருக்கு, இன்னும் 7,000 பேர் இருப்பதைச் சொல்கிறார்.

கொட்டாத குறை எங்கே போகும்? மனக்கசப்பையும் சீற்றத்தையும் கூச்சலையும் விட்டுவிடச் சொல்லி இரண்டாம் வாசகத்தில் பவுல் எழுதுகிறார். தகப்பனின் அடிக்குப் பயந்து வளர்ந்தவர், பொறுப்புக்கு வந்ததும் பங்குப் பேரவையில் மேசையைத் தட்டுகிறார், வீட்டில் பெல்ட்டை எடுக்கிறார். உள்ளே இருப்பது பயந்துபோன பத்து வயதுப் பையன். அதற்காக அவர் அடிப்பது சரியென்று ஆகாது. பெல்ட்டைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேச வர வேண்டும்.

இந்த வாரம் அன்பியக் கூட்டத்தில் கணக்கு வழக்கைத் தள்ளி வையுங்கள். விருப்பம் இருந்தால் பொறுப்பாளர் அக்காவே முதலில் பேசட்டும். நடுவில் அறிவுரை வேண்டாம், செபம் சொல்லி வாயை அடைக்கவும் வேண்டாம். தூக்கம் இல்லாமல், குடியை விட முடியாமல் தவிப்பவர்கள் மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு ஆகாது. 104, 14416 என்ற உதவி எண்கள் இரண்டிலும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. மலையில் சிக்னல் கிடைக்காதவர்கள் பூசை முடிந்ததும் பங்கு இல்லத்துக்கு வாருங்கள். போனைக் கொடுத்துவிட்டு நான் வெளியே இருக்கிறேன்.