"டேட்டா வருமா தம்பி?" என்று கெஞ்சாதீர்கள்!

"எனக்குக் கம்ப்யூட்டர் எல்லாம் அவ்வளவா தெரியாதுங்க." இதில் என்ன பெருமை வேண்டிக்கிடக்கிறது? கடைக் கணக்கு அதில்தான். பிள்ளையின் ஆய்வேடு அதில்தான். ஊரார் வீட்டுக் கல்யாண ஆல்பம் அதில்தான். அதை வைத்துப் பிழைக்கத் தெரிகிறது. காப்பாற்ற மட்டும் தெரியாதாம்! ஒருநாள் காலையில் அது கறுப்புத் திரை காட்டி நின்றதும் சர்வீஸ் கடை வாசலில் நின்று, "டேட்டா வருமா தம்பி?" என்று குரல் தழுதழுக்கக் கேட்பீர்கள். அந்தக் கெஞ்சல் உங்களுக்கு எதற்கு?

பெரிய கம்பெனிக்காரர்களிடம் இந்தக் கதையே நடக்காது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். 1998. அமெரிக்காவின் பிக்ஸார் ஸ்டூடியோவில் 'டாய் ஸ்டோரி 2' உருவாகிக்கொண்டிருந்த நேரம். யாரோ ஒருவர் அழிக்கும் கட்டளையை இடம் மாறித் தட்டிவிட்டார். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கண்ணெதிரே வுடி பொம்மையின் தொப்பி மறைந்தது. அப்புறம் காலணி. அப்புறம் வுடியே இல்லை. பிளக்கைப் பிடுங்கச் சொல்லிப் போனில் பதறினார்கள். அதற்குள் படத்தின் பெரும்பகுதி போயிருந்தது. பேக்கப் இருக்கிறதே என்று அங்கே ஓடினால், அது கொஞ்ச காலமாகவே ஒழுங்காகப் பதிவாகவில்லை. யாரும் திறந்து பார்க்காததால் யாருக்கும் தெரியவில்லை.

படத்தைக் காப்பாற்றியது கேலின் சஸ்மன் என்ற பெண்மணியின் வீட்டுக் கம்ப்யூட்டர். கைக்குழந்தை இருந்ததால் வீட்டிலிருந்தே வேலை பார்த்தவர். படத்தின் நகல் ஒன்று அவரிடம் இருந்தது. அந்தப் பெட்டியைப் போர்வையில் சுற்றிக் காரில் ஏற்றி, ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்தார்கள். கோடிகள் புரண்ட இடத்தில் கைகொடுத்தது ஒரு தாயின் வீட்டு மேசை!

இன்னொரு கதை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஓர் இன்ஜினியர் சர்வர் மாறித் தரவை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. ஐந்து விதமான பாதுகாப்பு ஏற்பாடுகள் வைத்திருந்தார்கள்; அந்த நேரத்தில் ஒன்றும் உருப்படியாகக் கைகொடுக்கவில்லை. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்த ஒரு நகல் இருந்ததால் பிழைத்தார்கள். ஆனால் அவர்கள் ஒளியவில்லை. மீட்கும் வேலையை யூடியூபிலேயே நேரலையாகக் காட்டினார்கள். நெஞ்சுரம் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

இரண்டு இடத்திலும் பேக்கப் இருந்தது. அது திரும்பி வருமா என்று மட்டும் ஒருவரும் சோதிக்கவில்லை. நீங்கள் சோதித்தீர்களா?

"டி டிரைவில் போட்டு வைத்திருக்கிறேனே!" அய்யா, பல வீட்டுக் கம்ப்யூட்டர்களில் சி-யும் டி-யும் ஒரே டிஸ்க்கில் போட்ட இரண்டு தடுப்புகள்தான். டிஸ்க் போனால் இரண்டும் ஒன்றாகப் போகும். "கூகுள் டிரைவில் இருக்கிறது." நல்லது. ஆனால் கம்ப்யூட்டரோடு இணைத்து வைத்தால், இங்கே அழித்தது அங்கேயும் அழியும். அங்குள்ள குப்பைத்தொட்டி 30 நாள்தான் பொறுத்திருக்கும். 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் உலகத்தையே ஆட்டியதே, நினைவிருக்கிறதா? அந்த வகை வைரஸ், செருகி வைத்த ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். எனவே பேக்கப் முடிந்ததும் வயரைப் பிடுங்குங்கள். பிடுங்கிப் பீரோவில் வையுங்கள்.

பீட்டர் க்ரோ என்ற புகைப்படக்காரர் பரப்பிய பேக்கப் கணக்கு எளிது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். அண்ணன் வீட்டில் ஒரு டிஸ்க் கிடந்தால் அதுவே வேறு இடம். விண்டோஸிலேயே 'ஃபைல் ஹிஸ்டரி' இருக்கிறது. வெளி டிஸ்க்கைச் செருகி ஆன் செய்தால், அது செருகியிருக்கும் வரை மணிக்கொரு தரம் மாறிய ஃபைல்களை எடுத்து வைக்கும். தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் செருகி வைத்தாலே போதும். டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப் போன்றவற்றைத் தானே எடுக்கும். டி டிரைவில் உள்ளதை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். இதற்குப் பட்டம் வேண்டுமா? அரை நாள் வேண்டும், அவ்வளவே.

இப்போது நிஜமான பரீட்சை. முக்கியமான ஒரு ஃபோல்டருக்கு 'பழசு' என்று பெயர் மாற்றுங்கள். அது போய்விட்டதாகவே வைத்துக்கொண்டு, டிஸ்க்கிலிருந்து திரும்ப எடுங்கள். எண்ணிக்கை சரியாக இருக்கிறதே என்று நிறைவடையாதீர்கள், திறந்து பாருங்கள். கணக்கு ஃபைல் திறக்கிறதா? போட்டோ பாதியில் சாம்பல் நிறமாக நிற்கிறதா? முடிந்தால் வேறொரு கம்ப்யூட்டரிலும் திறந்து பாருங்கள். டிடிபி செய்பவர்களே, உங்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பக்கங்கள், அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் புரியாத ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் வரும். ஃபைல் பத்திரமாக இருக்கும், தமிழ் இருக்காது! எழுத்துருவையும் சேர்த்தே பேக்கப் எடுங்கள்.

முதல் தடவை ஏதாவது ஒன்று வராமல் போகலாம். போகட்டும்! அசல்தான் 'பழசு' என்ற பெயரில் பத்திரமாக இருக்கிறதே. பிழையைத் திருத்தி மறுபடி எடுங்கள். எல்லாம் வந்து சேரும் நாளில் பாருங்கள், அந்தப் பெட்டியின் முன் உட்காரும் தோரணையே மாறிப்போகும். மின்வெட்டுக்கு நடுங்க மாட்டீர்கள். டிஸ்க் டக் டக்கென்று சத்தம் போட்டால், அதைக் கழற்றி வைத்துவிட்டுப் புதியது வாங்கக் கிளம்புவீர்கள்.

நல்ல நாள் பார்க்க வேண்டாம். பேரன் லீவுக்கு வரட்டும் என்றும் காத்திருக்க வேண்டாம். இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் ஹார்ட் டிஸ்க்கைச் செருகுங்கள். ஒரே ஒரு ஃபோல்டரைத் திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள். திறந்தால், நாளைக்கு அடுத்த ஃபோல்டர்.