மிச்சம் யாருடைய பங்கு?

மிச்சத்தை வீணாக்காமல் பயன்படுத்துவது நல்ல பழக்கம் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அந்த மிச்சம் யாரிடம் போய்ச் சேருகிறது என்று நாம் கேட்பதில்லை. எனக்கு அந்தக் கேள்வியைக் கற்றுத் தந்தது பெரியகல்லாற்றில் ஒரு குசினி.

கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் அந்தத் தமிழ்க் கிராமத்தில் என் நண்பரின் வீடு இருந்தது. அவருடைய தாயாரின் குசினியிலிருந்து குப்பை என்று எதுவும் வெளியே போய் நான் கண்டதில்லை. அரிசி கழுவிய தண்ணீர் மாட்டுக்கு. பால் பிழிந்த தேங்காய்ப்பூ கோழிக்கு. மீன் கழுவிய தண்ணீரும் குடலும் தென்னையடிக்கு. பொச்சு சட்டி தேய்க்க. சிரட்டை அகப்பைக்கும் அடுப்புக்கும். சாம்பல் பாத்திரம் துலக்கவும் கத்தரிச் செடியில் தூவவும். இரவு மிஞ்சிய சோறு தண்ணீரில் கிடந்து, காலையில் வெங்காயம், பச்சை மிளகாய், தயிரோடு பழஞ்சோறாகும். மருதமுனையில் என் உம்மாவின் குசினியும் இப்படித்தான். மதம் வேறானாலும் சாம்பலுக்கு ஒரே வேலைதான்.

ஒருநாள் காலையில் சொல்லாமல் போய் நின்றேன். அவர் பழஞ்சோறு பிசைந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து பிட்டுக்கு மாவு குழைக்கத் தொடங்கினார்.

"அதிலேயே எனக்கும் தாங்கம்மா" என்றேன்.

"மிஞ்சினத நாம தின்னலாம் மகன். வந்தவருக்குக் குடுக்கலாமா?" என்றார்.

2004 டிசம்பர் 26இல் கடல் அவருடைய ஊருக்குள்ளும் வந்தது, எங்கள் ஊருக்குள்ளும் வந்தது. சில நாட்களின் பின் அவர் தங்கியிருந்த இடத்தைத் தேடிப் போனேன். எங்கிருந்தோ ஒரு லொறியில் சோற்றுப் பார்சல்கள் வந்திருந்தன. நல்ல மனதோடு அனுப்பியவர்கள் பலர். ஆனால் அவர் கையிலிருந்த பார்சல் புளித்து மணத்தது. பிரித்துப் பார்த்துவிட்டு மெல்ல மூடினார். "கோழிக்குப் போடலாம். கோழியும் இல்லையே மகன்" என்றார்.

மிச்சத்தைத் தானே உண்டு வாழ்ந்த பெண் அவர். அதே மிச்சம் தானமாக வந்தபோது அவரைத் தலைகுனிய வைத்தது. சோற்றில் அல்ல, அது வந்த திசையில்தான் வேறுபாடு இருந்தது.

அன்னை மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்குத் தருமமாகக் கிடைத்த ஆடு செத்துக் கிடந்தபோது, அதன் தோலைப் பதப்படுத்திப் பயன்படுத்தியிருக்கலாமே என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். உண்பதுதான் விலக்கப்பட்டது என்று விளக்கினார்கள். ஒன்றுக்கு உதவாதது இன்னொன்றுக்கு உதவும் என்பது நமக்கு மார்க்கமாகவே சொல்லப்பட்டது. தட்டை வழித்து உண்ணுங்கள், பறக்கத் எதில் இருக்கிறதென்று அறியமாட்டீர்கள் என்ற போதனையும் உண்டு. கவனியுங்கள்: அது நம்முடைய தட்டைப் பற்றியது. பிறருக்குக் கொடுப்பதைப் பேசும்போது குர்ஆன் வேறு அளவுகோலை வைக்கிறது. கண்ணை மூடிக்கொண்டாலன்றி நாம் வாங்கமாட்டாத மட்டமானதைத் தேடிக் கொடுக்காதீர்கள் என்பது பகறா அத்தியாயத்தின் 267ஆவது வசனத்தின் கருத்து. மிச்சம் எனக்கு, நல்லது பிறருக்கு. நாம் இதைத் தலைகீழாக்கிவிட்டு, அதற்குச் சிக்கனம் என்றும் தருமம் என்றும் பெயர் வைத்திருக்கிறோம்.

வீட்டுக்குள்ளும் இதே கதைதான். அடிப்பிடித்த சோறும் மீன் வாலும் நேற்றைய ஆணமும் யாருடைய கோப்பைக்குப் போகின்றன? சமைத்தவளுடைய கோப்பைக்கு. வீண்விரயம் கூடாதென்று மேசையில் உபதேசிக்கிறவர் நாம். அதை நிறைவேற்றுகிறவள் அவள்.

இன்று கோழியும் மாடும் இல்லாத வீடுகளில் மிச்சம் சொப்பிங் பேக்கில் முடிச்சுப் போடப்பட்டு வெளியே போகிறது. அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் உணவு தேடிய யானைகள் பிளாஸ்டிக்கையும் விழுங்கின. எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. சோற்றின் மணம் ஒட்டிய பையை யானை எப்படிப் பிரித்தறியும்? முடிச்சுப் போட்ட கை நம்முடையது.

ஆகவே என் அளவில் ஒரு சிறு வழக்கம் வைத்திருக்கிறேன். நேற்றைய சோறு இருந்தால் முதலில் என் கோப்பையில் போட்டுக்கொள்கிறேன். வாசலில் யாராவது வந்து நின்றால் அடுப்பு மூட்டப்படுகிறது. மாவு குழைக்க நானும் பழகிவிட்டேன்.