விழிப்பும் பழியும்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய கரைகளில், இரவெல்லாம் கடலில் வலையோடு விழித்திருந்து விடியலில் கரையேறும் மீனவர் பகலில் உறங்குவர். அவர்களைச் சோம்பர் என்று எவரும் பழிப்பதில்லை. அதே ஊரில், 'மல்ரிப்பிள் ஸ்கிளிரோசிஸ்' என்னும் நோயால் இரவு உறக்கம் கெட்ட ஒருவர் பகலில் கண்ணயர்ந்தால், அப்பழி எளிதில் எழுகின்றது. இவ்வேறுபாடு நியாயமானதா?

1868 இல் பிரெஞ்சு மருத்துவர் ஷார்க்கோ தெளிவுற விவரித்த இந்நோயில், உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூளை, முண்ணாண் ஆகியவற்றின் நரம்பிழைகளைப் போர்த்திய மயலின் உறையைச் சிதைக்கின்றது. தசையிறுக்கமும் வலியும் அடிக்கடி எழும் சிறுநீர் உந்துதலும் இரவைத் துண்டாடுகின்றன. நிலநடுக்கோட்டை அண்டிய நாடுகளில் இந்நோய் அரிது. ஆதலின், அயலார் பலர் அதன் பெயரையும் அறியார்.

தசையிறுக்கத்துக்கு மருந்தும், ஒழுங்கான படுக்கை நேரமும் ஓரளவு துணைசெய்யும். அவை பயன்தராத இரவு நோயாளியின் மனவுறுதிக் குறையன்று. கண்ணாற் காணாத துன்பத்தை எங்ஙனம் நம்புவது என வினவலாம். மீனவர் நடுக்கடலிற் பட்ட பாட்டையும் கரையிலுள்ளோர் கண்டாரல்லர். வலை வெறுமையாய் வந்த காலையிலும் அவரை உறங்கவிடும் ஊருக்கு இவ்வறம் புதியதன்று. அதனை இன்னொரு வீட்டுத் திண்ணைவரை நீட்டுதலே வேண்டற்பாலது.