எண் பெற்ற இயந்திரமும் பெயரிழந்த மனிதரும்

கனடாவின் மேற்கே, றொக்கி மலைகளை ஊடறுத்துச் செல்லும் புகையிரதப் பாதையின் அருகில், கடுங்குளிரையும் பொருட்படுத்தாது மணிக்கணக்காகக் காத்து நிற்கும் மனிதர் சிலரைக் காணலாம். அவர்கள் பிரயாணிகளுமல்லர், புகையிரத ஊழியருமல்லர். வரப்போகும் வண்டியைப் பார்ப்பதும் படம் பிடிப்பதுமே அவர்கள் நோக்கம். லூயிஸ் ஏரிக்கு அண்மையில், போ நதியோரமாகப் பாதை வளையும் ஓரிடம் அவர்களுக்கு யாத்திரைத் தலம் போன்றது. கனேடிய பசிபிக் கம்பனியின் படப்பிடிப்பாளராக விளங்கிய நிக்கலஸ் மொரான்டின் பெயரால் அது மொரான்ட் வளைவு என வழங்குகிறது. அதற்கு மேற்கே, பீல்ட் என்னும் ஊருக்கு அருகில், 1909ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சுருள் சுரங்கப் பாதைகள் உள்ளன. நூறு அடிக்கு நாலரை அடி இறங்கிய பழைய பாதையின் சரிவை ஏறக்குறைய அரைவாசியாகக் குறைப்பதற்காக, மலையின் வயிற்றுள்ளே பாதையை வட்டமாகச் சுற்றிச் செலுத்தினர் பொறியியலாளர். நீண்ட சரக்கு வண்டியொன்றின் தலை சுரங்கத்தினின்று வெளிப்படுகையில், அதன் வால் அதே சுரங்கத்தின் மறுவாயிலில் இன்னும் நுழைந்துகொண்டிருக்கும். இவ்விந்தையைக் காண நிற்போரைக் குறைகூற எவருக்கு மனம் வரும்?

வீண் பொழுதுபோக்கு என்று சிலர் கூறக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. கூலியும் இலாபமும் கருதாது, ஒரு பொருளை அதன் பொருட்டே கூர்ந்து நோக்கும் பண்பு மதிக்கத்தக்கது. வண்டி வந்த நாள், நேரம், திசை, இழுத்த இயந்திரத்தின் எண் ஆகிய யாவற்றையும் இவர்கள் பிழையின்றிக் குறித்து வைக்கின்றனர். மனிதன் ஆக்கிய ஒன்றினை இத்துணை அன்போடு நோக்குவது, ஒருவகையில் மனித ஆற்றலுக்குச் செலுத்தும் வணக்கமுமாகும்.

ஆனால் அவ்வணக்கம் உரியவரைச் சென்றடைகிறதா?

இப்பாதையைப் பற்றிய படங்களுள் மிகப் புகழ் பெற்றது, 1885 நவம்பர் 7ஆம் திகதி பிரிட்டிஷ் கொலம்பியாவின் கிரெய்கெலாக்கியில் எடுக்கப்பட்டது. கம்பனியின் இயக்குநருள் ஒருவரான டொனால்ட் ஸ்மித், சம்மட்டியைப் பிடித்தவாறு குனிந்து இறுதி ஆணியை அறைகிறார். சூழ நிற்போரிடையே ஒரு சீன முகமேனும் இல்லை. ஆனால் பிறேசர் நதிப் பள்ளத்தாக்கின் செங்குத்தான பாறைகளைக் குடைந்து அம்மாகாணத்துப் பாதையை அமைத்தோருள் பதினையாயிரத்துக்கு மேற்பட்டோர் சீனத் தொழிலாளர். நாளொன்றுக்கு அவர்கள் பெற்றது ஏறக்குறைய ஒரு டொலர்; வெள்ளையர் பெற்ற கூலியிலும் அது மிகக் குறைவு. வெடிமருந்தாலும் பாறைச் சரிவாலும் நோயாலும் மாண்டோர் குறைந்தது அறுநூறு பேர் என்பர். சரியான தொகையை எவரும் எழுதி வைக்கவில்லை.

பாதை முடிந்த அதே 1885ஆம் ஆண்டில், நாட்டினுள் வரும் சீனர்மீது 50 டொலர் தலைவரி விதிக்கப்பட்டது. 1903இல் அது 500 டொலராயிற்று. 1923இல் வாயிலே ஏறக்குறைய முற்றாக அடைக்கப்பட்டு, 1947 வரை அந்நிலை நீடித்தது. கனேடிய அரசாங்கம் மன்னிப்புக் கோரியது 2006இலேதான்.

இதனோடு வேறொன்றை ஒப்பிடுவோம். 1887 மே 23ஆம் திகதி முதலாவது பிரயாணிகள் வண்டியை வன்கூவருக்கு இழுத்து வந்த இயந்திரத்தின் எண் 374. அது இன்றும் அந்நகரில் துடைத்து மெருகிடப்பட்டுக் காட்சிக்கு நிற்கிறது. இயந்திரத்துக்கு எண் உண்டு, பிறந்த ஆண்டு உண்டு, கூரையும் உண்டு. அது ஓடுவதற்குப் பாதை சமைத்து மடிந்தவனுக்குப் பெயருமில்லை. இவ்வேறுபாட்டைத் தற்செயலென்று கொள்ள முடியுமா? இயந்திரம் உடைமை, ஆதலால் கணக்கில் ஏறியது. தொழிலாளியோ செலவு, முடிந்ததும் மறக்கப்பட்டான்.

"முன்னோர் செய்த அநீதியை இன்று படம் பிடிப்பவன் தலையில் சுமத்துவது நியாயமோ?" என வாசகர் வினவலாம். நியாயமன்று. குற்றம் அவனுடையதன்று. ஆனால் காண்பதைத் தன் தொழிலாகத் தானே ஏற்றுக்கொண்டவனுக்கு, காணப்படாததைக் குறித்தும் ஒரு கடமை உண்டு. மேலும், இது பழங்கதை மாத்திரமன்று. 2019 பெப்ரவரி 4ஆம் திகதி, நள்ளிரவு கடந்த வேளையில், பீல்டுக்கு மேலுள்ள சரிவில் நிறுத்தப்பட்டிருந்த 112 பெட்டிகள் கொண்ட தானிய வண்டியொன்று, கடுங்குளிரில் தடையின் பிடி தளர்ந்து தானாகவே உருளத் தொடங்கிற்று. சற்று முன்னரே பொறுப்பேற்றிருந்த தொழிலாளர் மூவரும் மாண்டனர். படம் பிடிப்போனுக்கு அழகாகத் தோன்றும் அதே பனிக்காலந்தான் வண்டி ஓட்டுவோனுக்கு யமனாகிறது. ஒரே காட்சி, நிற்கும் இடத்தைப் பொறுத்து இரண்டாகிறது.

அழகை வெறுக்குமாறு நாம் கூறவில்லை. மலையும் வளைவும் நெடிய வண்டியும் அழகியவையே. அவற்றைக் கண்டு மகிழும் உரிமை தொழிலாளிக்கும் உண்டு. நாம் வேண்டுவது, இயந்திரத்தின் எண்ணைத் தவறின்றிக் குறிக்கும் அந்த நேர்மையை இன்னும் சிறிது தூரம் கொண்டுசெல்லுதலே. நாளும் இடமும் எண்ணும் எழுதப்படும் படத்தின் கீழே, இப்பாதையை அமைத்தவர் யார், இன்று இதில் உழைப்பவர் யார் என்றும் ஒரு வரி எழுதப்படட்டும். கிரெய்கெலாக்கிப் படத்தில் விடுபட்டவர்கள் அந்த ஒரு வரியிலேனும் இடம் பெறட்டும்.